பரிவட்டம் கட்டிய தலை

பரிவட்டம் கட்டிய எத்தனையோ தலைகளை மயிலாப்பூர்ச் சந்நிதியில் நின்று பார்த்திருக்கிறேன். குமட்டலோடு பார்த்தது சென்ற மாதம்தான்.

அந்தத் தலை எங்கள் மாடிவீட்டுக்காரருடையது. தடகளச் சங்கப் பொறுப்பாளர். பல நாடுகள் கூடிய விளையாட்டுப் போட்டிக்கு நம் தேசத்து அணியின் மேலாளராகச் சென்று வந்தவர். புறப்படுமுன் வீட்டில் பூஜை வைத்து, பதிகம் பாட என்னை அழைத்திருந்தார். அணியில் இடம்பெற்ற பட்டினப்பாக்கத்துப் பெண்ணையும் வரவழைத்திருந்தார், படம் எடுத்துக்கொள்வதற்காக. நானூறு மீட்டர் ஓடுபவள். அம்மா மீன் விற்கிறவர்.

தீபாராதனை முடிந்ததும் அவள் அவரிடம் மெல்லச் சொன்னாள்: "சார், தொடை இன்னும் புடிச்சிக்கினுதான் கீது. அந்த அக்கா கூட வந்தா கட்டு போட்டுக்கினு ஓடிடுவேன்."

அக்கா என்றது அவளுக்குச் சிகிச்சை அளித்துவந்த பிசியோதெரபிஸ்டை. அணிப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு, உதவியாளர் என்று தம் மனைவியின் பெயரை மேலாளர் சேர்த்திருந்தார். "அதெல்லாம் பயம்மா. மாமா விபூதி இட்டா சரியாயிடும்" என்றார். நானும் இட்டேன். ஈசன் துணையிருப்பான் என்றும் சொல்லிவைத்தேன்.

ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டாவது வளைவில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், மேலாளரின் மனைவி போட்டி நடந்த ஊரின் கடைத்தெருவில் புதுக் கைப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம் வந்தது.

திரும்பி வந்த மேலாளர் எழுதிய அறிக்கையின்படி, பெண் காயத்தை மறைத்துவிட்டாளாம். இனிப் பயிற்சி முகாமில் சேர்க்க வேண்டாமாம். இதைச் சொல்ல அவள் அம்மா எங்கள் வாசல்வரை வந்தார். உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

"நீங்க கேட்டுக்கினுதானே இருந்தீங்க சாமி. ஒரு வார்த்த எய்திக் குடுங்க."

பார்க்கலாம் என்றேன். அடிமை இறைவனுக்கே என்று நாள்தோறும் ஓதுகிற நாக்கு, அண்டைவீட்டுக்காரரின் மனத்தாங்கலுக்கு அஞ்சியது. மூன்று வாரம் கடத்தினேன்.

பிறகுதான் கோயிலில் மேலாளருக்கு அந்தப் பரிவட்ட மரியாதை. அர்ச்சகர் பட்டுத்துணியைத் தலையில் சுற்றிக் கட்ட, கண்மூடி நின்றார். என்னைப் பாடச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன். நாற்பது ஆண்டுகள் ஓதிய பதிகம் எழவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"தொடை வலிக்கறதுன்னு அந்தக் குழந்தை உங்ககிட்ட சொன்னா. நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன்."

"மாமா, சந்நிதில எதுக்கு இந்தப் பேச்செல்லாம்" என்றார், பரிவட்டம் நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி.

பிரசாதம் வாங்காமல் வீடு திரும்பி, கேட்டதைக் கேட்டபடியே எழுதிக் கையொப்பமிட்டேன். மறுநாள் காலை பட்டினப்பாக்கத்து மீன்கடைகளுக்கிடையே அவள் அம்மாவைக் கண்டுபிடித்தேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கியவர், என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். இடையில் ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, மேலே படிக்கச் சொன்னார்.

"முகாமுக்குப் பேர் எடுக்கறத நேத்தோட முட்ச்சிட்டாங்க சாமி" என்றார், கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியவாறே. "பரவால்ல, இருக்கட்டும். அடுத்த தபாக்கு ஆவும்."