பிஸ்கட் டின்னுக்கு அனுமதி

கருவி அறைக் கையேட்டின் பதினான்காவது விதி தெளிவானது: குளிரூட்டப்பட்ட அறை அளவீட்டுக் கருவிக்கே உரியது, அளவெடுக்கும் நேரம் தவிர அலுவலர் எவரும் அங்கே தங்கலாகாது. அறுபதுகளின் கடைசியில் நான் தற்காலிக டெக்னீஷியனாகச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் அந்த விதி கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த அறைச் சுவரிலேயே தொங்கியது. அதற்கு நேர் கீழே கண்காணிப்பாளரின் மேசை. கட்டடத்தில் ஏர்கான் இருந்த ஒரே அறை அது.

ஜூரோங் தொழிற்சாலைகளின் கொதிகலன்களில் வெப்பம் பார்க்கும் கம்பிகளைச் சோதிப்பது எங்கள் வேலை. அந்தக் கம்பி தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதை ஒரு பெருக்கி நூறு மடங்காக்கும்; கருவி அதை எண்ணாக மாற்றி, கண்ணாடிக் குழாய்களில் ஆரஞ்சு நிறத்தில் காட்டும். கம்பி எதுவும் மாட்டாமல் கருவியின் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால் சைபர் வர வேண்டும். எங்களுக்கு ஏழு வந்தது. அந்த ஏழும் ஓரிடத்தில் நிற்காமல் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையே ஆடியது. பெருக்கிக்கு எது அசல், எது அழுக்கு என்று தெரியாது, வந்ததையெல்லாம் பெருக்கும். தலைமையகத்துக்குப் புகார் எழுதும்போது கண்காணிப்பாளரும் அப்படித்தான்.

மாதம் முடிவதற்குள் சைபர் வராவிட்டால் என் கோப்பில் ‘கவனக்குறைவு’ என்று எழுதப்போவதாகச் சொல்லிவிட்டார். எழுதினால் பணி நிரந்தரமாகாது. ஆண்டு முடிவில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் மனைவியோ எங்கள் வீடு இருந்த சிராங்கூன் சாலை முழுக்க நான் நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தாள்.

தினமும் காலை எட்டு மணிக்குத் திருகைத் திருப்பிச் சைபருக்குக் கொண்டுவருவேன். பத்து மணிக்கு ஏழு வந்துவிடும். கண்காணிப்பாளரும் பத்து மணிக்குத்தான் வருவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தைப்பூசத்துக்கு அவர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். சைபர் மூன்று நாளும் சைபராகவே இருந்தது.

திரும்பி வந்தவரிடம் சொன்னேன்.

“அப்போ நான்தான் அந்த ஏழுன்னு சொல்றியா, தம்பி?”

“இல்ல சார். ஏழு ஏர்கான் காத்து. உங்க தலையில படுதுன்னு மெஷின் பக்கம் திருப்பி விடுறீங்க. ஒரு முனை சில்லுன்னு ஆயிடுது, இன்னொண்ணு ஆகல. அந்த வித்தியாசமே கொஞ்சம் வோல்ட்டேஜ் குடுக்குது. நம்பர் ஆடுறதுக்குக் காரணம் உங்க மேசை டியூப் லைட்டு.”

“நான் வெளிய உக்காந்து வேர்க்கணும், உன் மெஷினு சொகுசா இருக்கணுமா?”

“விதி பதினாலு அப்படித்தான் சொல்லுது, சார்.”

“எனக்குத் தெரியும் லா. அத டைப் அடிக்கக் குடுத்ததே நான்தான்.”

அவர் நகரமாட்டார் என்று புரிந்தது. வீட்டிலிருந்து ஒரு காலி பிஸ்கட் டின் கொண்டுவந்தேன். உள்ளே பஞ்சு வைத்து முனைகளின் மேல் கவிழ்த்தேன். காற்று படாமல் ஏழு ஒன்றாக இறங்கியது. விளக்கின் தொல்லையைத் தடுக்க டின்னை எர்த் செய்ய வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று கருவியிலும் ஜன்னல் கம்பியிலும் ஒயரால் கட்டினேன். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, ஆட்டம் இரண்டு மடங்காயிற்று. அரை நாள் கழித்து ஜன்னல் பக்கத்து ஒயரை அவிழ்த்தேன். எண் ஆடாமல் நின்றது; மிச்சமிருந்த ஒன்றைத் திருகால் சரிசெய்ததும் சைபர்.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். தாம் நகர வேண்டாம் என்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பிறகு பத்தொன்பதாவது விதியைச் சொன்னார்: தலைமையகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கருவியோடு எந்தப் பொருளையும் இணைக்கக் கூடாது. விதிகளில் எதை மறக்க வேண்டும், எதை மறக்கக் கூடாது என்பதில் அவருக்கு நல்ல பயிற்சி. டின்னை எடுத்தேன், ஏழு திரும்பி வந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் ‘கவனக்குறைவு’ என்று எழுதவில்லை; அனுமதி வந்து, சைபரும் வந்த பிறகு கையெழுத்திடுவதாகச் சொல்லி, என் நிரந்தரப் படிவத்தை இழுப்பறைக்குள் வைத்தார்.

பிப்ரவரியில் மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். மே மாதம் டின்னின் நீள அகலம் கேட்டார்கள். ஆகஸ்டில், டின் தற்போது காலியாக உள்ளதா என்று கேட்டார்கள். காலியாக உள்ளது, பஞ்சு நீங்கலாக என்று எழுதினேன். பஞ்சுக்குத் தனி விண்ணப்பம் தேவை என்றார்கள். அதையும் அனுப்பினேன். மனைவி கேட்கும்போதெல்லாம் கோப்பு மேசையில் இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை.

டின்னுக்கும் பஞ்சுக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் அனுமதி வந்தது. அன்று மதியமே டின்னைக் கவிழ்த்தேன். கண்காணிப்பாளர் சைபரைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டார். நிரந்தரப் பணிக்காலம் அனுமதிக் கடிதம் கிடைத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்று அதில் எழுதியும் வைத்தார். அந்த நாள், நவம்பர் பத்தொன்பது.