கால்மாட்டுச் செங்கல்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் நான்கு பழைய செங்கல்கள் இருக்கின்றன. போன வாரம் என் கடைசி மகன் அதற்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தான். கற்களைத் தூக்கிப் போட நான் விடவில்லை. அன்றைக்குத்தான் மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, வயிற்றுப் பிள்ளையின் இதயம் திரையில் துடிப்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். பயறளவுதான் இருக்குமாம். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே பொறாமையும் வந்தது, மறைப்பானேன்? எனக்கு அப்படி யாராவது காட்டியிருந்தால் எத்தனை நாள் தவிப்பு மிச்சமாகியிருக்கும்!

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதுரை முழுக்கப் பயந்துகிடந்த சமயம் அது. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டைத் தாண்டினால் வயல்தான். கல்யாணமாகி வந்த எனக்கு அப்போதுதான் முதல் முறையாக நாள் தள்ளியிருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தையின் ஆசாரம் தெருவுக்கே பிரசித்தம். தூரமான பெண் கை பட்ட செம்பைக்கூடப் புளி போட்டுத் துலக்காமல் தொடமாட்டார். கொல்லையில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை, தூர அறை என்போம். மாதந்தோறும் அந்த நாட்களில் நாங்கள் அதில்தான் இருக்க வேண்டும்.

ஒரு காலையில் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது சேலையில் கறை பட்டது. நான் எதையும் யோசிக்கவில்லை. பழகிய கால் தானாக நடந்தது. பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு தூர அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இங்கே வந்துவிட்டால், பிள்ளை போய்விட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? எழுந்து உள்ளே போகலாமென்றால் சாமி இருக்கிற வீடு. போயிருக்குமா, இருக்குமா என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை தேடி வந்து வாசலுக்கு வெளியே நின்றார். “என்னத்தா, இங்க வந்து உக்காந்துருக்க?”

சொன்னேன்.

“எம்புட்டுப் பட்டிருக்கு?”

“கொஞ்சந்தான் அயித்தே.”

அத்தை படியைத் தாண்டி உள்ளே வந்து என் தோளைப் பிடித்தார். கறையைவிட அதுதான் என்னை மிரள வைத்தது. “போயிருச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அப்ப இங்க என்ன வேல? எந்திரி, உள்ள வா.”

மாட்டு வண்டியில் என்னைக் கூட்டிப்போனால் குலுக்கலிலேயே கலைந்துவிடும் என்று பயம். அதனால் என் கறைத்துணியை வாழையிலையில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, அத்தையே டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனார். அவர் திரும்பும்வரை கூடத்துக் கட்டிலில் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தேன். வெயிலில் வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“உள்ள இருக்கா இல்லையான்னு பாக்க வழியில்லையாம். கட்டில் கால்மாட்ட ஒசத்திப் படுக்க வைக்கணுமாம். தங்குனா தங்குமாம்.”

சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார். வீட்டில் செங்கல் வேறெங்கும் இல்லை. தூர அறையின் சுவரில் நான்கைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, கால்மாட்டில் பக்கத்துக்கு இரண்டாக வைத்தார்.

துணி வெளுக்கிறவளிடம் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று என் துணிகளை அத்தையே அலசினார். தினமும் காலையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். சிவப்பு பழுப்பானது, பிறகு நின்றது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் குமட்டலும் நின்றுபோயிருந்தது. அதை அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. உலை கொதிக்கும் வாசனையை வேண்டுமென்றே இழுத்து இழுத்து முகர்வேன். ஒன்றும் புரட்டாது. ஒரு வாந்தி வராதா என்று சாமியைக் கேட்டவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மத்தியானம் இடுப்பைப் பிடித்து இழுத்தது. விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“நான் அங்க போறேன் அயித்தே” என்று சுவரைப் பிடித்து எழுந்தேன். அத்தை என்னை அமுக்கிப் படுக்கவைத்தார். “எங்கயும் போக வேணாம். இங்கனயே கெட.” எனக்கு முந்தி அவர்தான் அழுதார்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, தூர அறைச் சுவரை அடைக்கக் கொத்தனாரை வரவழைத்தார் என் மாமனார். கற்களை எடுக்கக் கொத்தனார் கட்டிலுக்கடியில் குனிந்தபோது அத்தை தடுத்தார்.

“அண்ணே, அதத் தொடாதீக. மறுக்கா வேணும்.”

“அப்பச் சுவரு?”

“அது அப்படியே கெடக்கட்டும்.”

அடுத்த மழையில் அந்தச் சுவர் சரிந்தது. அந்த அறையில் பிறகு யாரும் உட்காரவில்லை. மறுபடி நான் உண்டானபோது கறை எதுவும் படவில்லை. ஆனாலும் மூன்று மாதம் முடியும்வரை கட்டிலுக்கடியில் கற்களை வைத்தே இருந்தார் அத்தை.

நேற்று மருமகள் மறுபடி ஆரம்பித்தாள். “டாக்டரு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு அயித்தே. இந்தக் கல்ல எடுத்துப் போட்ருவமா?”

அவளை மிரட்ட எனக்கு மனமில்லை. புடவைத் தலைப்பால் கற்களின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

“இருக்கட்டும்த்தா. ஒனக்கு இன்னும் மூணு மாசம் முடியல.”