மாமியார் போட்ட மாலை

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், அக்கா மகள் அமுதா என் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். கையில் ஸ்கேன் சென்டர் கவர். முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்.

“என்னடி சொன்னாங்க?”

“முட்டை நல்லா வளர்ந்திருக்குதாம் சித்தி. நாளைக்கு, நாளான்னைக்கு... மிஸ் பண்ணாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“நல்ல சேதிதானே? அதுக்கா இந்த மூஞ்சி?”

“நாளைக்கு என்ன நாளு சித்தி?”

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கார்த்திகை ஒன்று!

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமுதாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். கம்மாபுரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். குழந்தை வேண்டும் என்று மாமியார் அஞ்சலை, மகன் செந்திலை மூன்று வருஷம் தொடர்ந்து சபரிமலைக்கு அனுப்புவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இது மூன்றாவது வருஷம். விடிந்தால் செந்தில் கழுத்தில் மாலை. அப்புறம் ஒரு மண்டலம் பெண்டாட்டி பக்கம் திரும்பக் கூடாது!

மாத்திரை சாப்பிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து ஸ்கேன் எடுத்து, போன இரண்டு மாதமும் வளராத முட்டை இந்த மாதம்தான் வளர்ந்திருக்கிறது. முட்டைக்கு ஆயுளே ஒரு நாள்தானாம். முந்தைய சில நாட்களையும் சேர்த்தால் மாதத்தில் ஐந்தாறு நாள் தேறும். அவ்வளவுதான் வாய்ப்பு!

அந்த ஐந்தாறு நாளில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். செவ்வாய், வெள்ளி விரதம். புரட்டாசிச் சனி. ஐப்பசியில் கந்தசஷ்டி — அதுவும் குழந்தைக்காக இருக்கிற விரதம்தான். இதற்கு மேல் செந்திலுக்கு இங்கே பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. நெருப்பு வைத்துவிட்டால் நடுவில் அணைக்க முடியாது, அதனால் வாரக்கணக்கில் நைட் ஷிஃப்ட். கேட்கிற நேரத்தையெல்லாம் கழித்துவிட்டால், சாமி கொடுப்பதற்கு நேரம் எங்கே மிச்சம்?

செந்திலுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவர் திருப்பிக் கூப்பிட்டார். “நான் என்னத்த சொல்றது? அம்மா வேண்டிக்கிட்டாங்க. நீயே கேட்டுப் பாரு” என்று வைத்துவிட்டார். வேறெந்த மகனும் வேறெதையும் சொல்லியிருக்க மாட்டார்!

நீயே கேள் என்றால்... மாமியாரிடம் இதை எந்த மருமகள் கேட்பாள்? அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று நானும் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மாசமும் அவர் மாலையோடுதானே இருப்பார் என்று உறைத்ததும் மூடிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் அஞ்சலையே வந்து நின்றார். மகனுக்குத் துளசி மாலையும் கறுப்பு வேட்டியும் வாங்க டவுனுக்கு வந்தவர், மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றாகப் பஸ் ஏறலாம் என்று வந்திருக்கிறார். அமுதா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எதையும் எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த அம்மாள் எதிரில் வார்த்தை வரவில்லை. மென்று விழுங்கி, டாக்டர் சொன்னாங்க, இந்த ரெண்டு நாள், மாலை போட்டா... என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன்.

“இந்த ரெண்டு நாளுதானா?”

“மாசா மாசம் இப்படிக் கொஞ்ச நாளுதான் வருமாம்.”

“அப்ப ரெண்டு வருசமும் இப்படித்தான் போயிருக்குமா?”

தலையை ஆட்டினேன்.

“இத யாரும் எனக்குச் சொல்லலியேம்மா” என்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு பையை இடுக்கிக்கொண்டு எழுந்தார். “வேண்டிக்கிட்டது நான்தானே? மாலையும் நானே போட்டுக்கறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியற்காலை குருசாமி வயதைக் கேட்டாராம். ஐம்பத்தெட்டு என்றதும் போட்டுவிட்டார்.

அவர்கள் வீடு ஒரே அறை. மாலை போட்ட கையோடு அஞ்சலை, பாய், தலையணை, அடுப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற கீற்றுக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டார். “சாமி சுத்தமா இருக்கணும்ல? நீங்க வூட்டுக்குள்ள இருங்க” என்றாராம். செந்திலும் யாரிடமோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்.

குழந்தை உண்டாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

போன வாரம் அமுதா துணிப்பையோடு வந்தாள். மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் தங்கக்கூடாது என்பது வழக்கம். பையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதே... எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. ஸ்கேன், மாத்திரை, தேதி எல்லாம் இருக்கிறதுதான். ஆனாலும் இது கணக்கு இல்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு மாதம் சும்மா போகும். எத்தனை வீட்டில் இந்தத் துணிப்பையைப் பார்த்து, மருமகளை என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்!

நான்காம் நாள் அஞ்சலை அவளை அழைத்துப் போக வந்தார். நீலப் புடவை, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். விரதம் என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அமுதா உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, இந்த மாசக் கடைசியில டாக்டரம்மா சொன்ன நாளு ஒண்ணு வருது. அதுக்குக் கொட்டாய் இருக்குது. அடுத்தது மார்கழியில எப்ப வரும்?”

“எதுக்குங்க?”

“குருசாமி மண்டல பூசைக்கு மார்கழி நடுவுல ஒரு வேனு, மகர சோதிக்கு மாசக் கடைசியில ஒரு வேனு விடறாரு. நான் இன்னும் எதுலயும் பேரு குடுக்கல. புள்ளைங்களுக்கு எது தோதுன்னு பாத்துட்டு ஏறலாமின்னு...”

மார்கழிக் கடைசி என்றேன். “அப்ப சோதிக்கே போறேன்” என்று தலையாட்டிக்கொண்டார்.

மாலை போட்டவர்களைச் ‘சாமி’ என்று கூப்பிடுவது சும்மா மரியாதைக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.