விளக்குக்குள் தேங்கிய தண்ணீர்

தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கித்துல்கலையில் மூன்று ஹோட்டல்களுக்குக் குழாய் போட்டேன். அதில் ஒன்றுக்கு ஆற்றோரப் பாறையை உடைத்து, வினைல் ஷீட் விரித்த நீச்சல் குளமும் கட்டினேன். முடியாது என்ற எஞ்சினியர்மாரே பிறகு அதில் குளித்தார்கள்.

போன மழைக்காலத்தில் அந்தக் குளத்துத் தண்ணீர் குறைந்து குறைந்து, சுவரில் பதித்த விளக்கு மட்டத்தில் வந்து நின்றது. நிரப்பினாலும் மறுபடி இறங்கியது. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்சும் ஓயாமல் விழுந்தது.

"இடிக்கு விழுது பெரியப்பா. நம்ம பக்கம் இது புதுசா? இன்னைக்குக் காலையிலயும் விழுந்துச்சு. இனி விழாம இருக்க, சுவிட்ச விட்டுட்டு வயர நேராக் கட்டிட்டோம்" என்றார் ஹோட்டல் மேனேஜர். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான்.

"இன்னைக்கு வெயில் அடிக்குது. எங்கடா இடி?" என்றேன்.

ஹோட்டலில் நடந்த கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் துண்டோடு குளத்துப் படியில் நின்றார்கள். ஒன்று காலை நீட்டியது.

"யாரும் இறங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி மெயினை இறக்கினேன். பிறகு குளத்தில் இறங்கி, விளக்கைக் கழற்றிக் கரையில் வைத்தேன். கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் ஆடியது. மேனேஜர் அதைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

விளக்கைச் சுற்றி வினைலை அழுத்தும் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. வாஷரையும் விளக்கையும் புதிதாகப் போட்டேன். வயர் போகும் குழாயின் வாயை அடைத்தேன். ட்ரிப் சுவிட்சையும் பழையபடி கட்ட வைத்தேன்.

குளம் மறுபடி திறந்த அன்று முதலாளி கோயிலில் பூசை வைத்தார், பிள்ளைகளைக் காப்பாற்றியதாக மேனேஜருக்கு மாலை போட்டார். சாமிக்குப் பூசை சரி. மெயினை இறக்கியது என் கை. அதை முதலாளி எல்லார் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும்.