பனங்காடையின் முதுகு

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பறவை வேண்டும் என்றாள் என் மனைவி. உட்கார்ந்திருப்பது போதாது, பறக்க வேண்டும். இறக்கை முழுக்க விரிந்திருக்க வேண்டும். நீலத்துக்குள் இன்னொரு நீலம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கோடு கோடாகத் தெரிய வேண்டும்.

அவள் பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். இத்தனை வருஷமாக அடுத்தவர் வரைந்த கிளியையே பெரிதாக்கி, சிறிதாக்கி, வாலைத் தூக்கி, மூக்கை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல்முறையாகத் தன் சொந்த யோசனை ஒன்றைப் பட்டுக்கடை முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள்: நம் வயலில் பறக்கிற பனங்காடையைப் பார்டரில் ஓடவிடலாம் என்று. அவரும் தலையாட்டிவிட்டார். தலையாட்டியதோடு ஒரு கத்தியையும் தொங்கவிட்டார்.

"வெள்ளிக்கெழம குடுத்துடும்மா. இல்லாட்டி பழைய கிளியே போவட்டும். முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சி. நெட்டுல கீற படத்தப் பாத்து மட்டும் போடாத, நாளைக்கு எவனாவது என்னுதுன்னு வந்து நிப்பான்."

ஆகவே நான். கடைகளுக்குப் புடவைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பதினோரு வருஷம் கேமராவைப் பிடித்தவனுக்கு ஒரு பறவை எம்மாத்திரம் என்று நானே சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சேவூர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டினேன். மின்கம்பியில் அது இருந்தது. பார்த்தால் ஒன்றுமில்லாத பறவை. மண் நிறம், பெருந்தலை, தூக்கம் கலையாத முகம். உட்கார்ந்தபடி ஐம்பது படம் கொடுத்தது. அலகோரத்து முடியைக்கூட எண்ணிவிடலாம். பிறகு ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்ததோ என்னவோ, கம்பியிலிருந்து விழுந்தது. அதைப் பறந்தது என்று எப்படிச் சொல்ல, கையிலிருந்து நழுவிய பட்டுச்சுருள் தரையைத் தொடுவதற்குள் விரிவதுபோல விரிந்தது. கருநீலம், வெளிர்நீலம், மறுபடி கருநீலம். முதலில் அதன் பின்னால் வானம். பிறகு பனைமரம். பிறகு பச்சை நெல். மூன்றும் ஒரு மூச்சுக்குள் மாறிவிட்டன. கேமரா வானத்தில் தேடியது, பனையில் தேடியது, கர் கர் என்று முன்னும் பின்னும் போய் வந்தது. நான் அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் வந்து திரையில் போட்டோம். மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"கம்பி ஷோக்கா வந்துகீது" என்றாள்.

உண்மைதான். கம்பியின் முறுக்குகள் ஒன்று தவறாமல் வந்திருந்தன. அதன் கீழே நீலத்தில் ஒரு தீற்றல். அதுதான் இறக்கை.

செவ்வாய்க்கிழமை போகவில்லை, கேமராவின் மெனுவுக்குள் உட்கார்ந்துவிட்டேன். ஒருமுறை பிடித்து நிறுத்தும் ஃபோகஸை மாற்றி, ஓடுகிற பொருளின் பின்னாலேயே ஓடும் ஃபோகஸை வைத்தேன். பறவையைக் கண்டால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி ஒன்றும் இருந்தது. இவ்வளவு நாளாய் அது உள்ளே தூங்கியிருக்கிறது. எழுப்பினேன். சோதித்துப் பார்க்க அறைக்குள் சும்மா கேமராவைத் திருப்பினேன். படமெடுக்க வந்து பலகையில் விரித்திருந்த புடவை. பட்டென்று ஒரு பச்சைப் பெட்டி, நெய்த கிளியின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. கேமராவை ஆட்டினாலும் விடவில்லை. அப்படி ஒரு விசுவாசம்.

மனைவி பார்த்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"கேமராவும் கிளியத்தான் கேக்குது, பாத்தீங்களா" என்றாள்.

கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

புதன்கிழமை பறவை அதே கம்பியில். நான் சாலையோர வரப்பில். வெயில் முதுகில். விரல் பொத்தானில். அது குனிந்து கீழே பார்த்தது; இதோ, இதோ. பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், கரண்ட் ஆபீஸா?"

வயல்காரர். தோளில் மண்வெட்டி.

"இல்லீங்க. குருவி எடுக்கறேன்."

"லைன் தொங்குதுன்னு நாலு வாட்டி எழுதிக் குடுத்தாச்சி சார். ஒருத்தனும் வரல. நீங்களாவது நல்லா போட்டோ புடிங்க."

"ஐயா, நான் கரண்ட் ஆபீஸ் இல்ல."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றார். "அதோ பாருங்க, அந்தக் குருவி ஒக்காந்தாலே எறங்குது லைனு."

அவர் கையை நீட்டிக் காட்டியதுதான் தாமதம், அது போய்விட்டது. அவருக்காகத் தொங்கும் கம்பியை நாலைந்து படம் எடுத்து அவர் போனுக்கே அனுப்பிவைத்தேன். கம்பி எடுப்பதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

அன்று மாலை வீட்டில் நான் பேசிய பேச்சு நல்ல பேச்சு இல்லை. பறவையைத் திட்டினேன், கேமராவைத் திட்டினேன், கிளிக்கு என்ன குறை என்றும் கேட்டுவிட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் கம்ப்யூட்டரை மூடினாள். வியாழக்கிழமை விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, நான் வருவதற்கு முன்பே வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வயலில் அவள் பறவையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். இரண்டுமுறை அது விழுந்தது, இரண்டுமுறையும் நான் தவறவிட்டேன்.

"ஏங்க, இன்னாத்துக்கு அத நடுவுல புடிச்சிட்டு அப்பறம் கேமராவ இப்பிடி நவத்தறீங்க?"

"எங்க நகர்த்தினேன்?"

"நவத்தறீங்க. ஒவ்வொரு வாட்டியும். முந்தானைக்கு எடம் உடறீங்க."

கையைப் பார்த்தேன். என்னுடைய கைதான். புடவை எடுக்கும்போது முதலில் பார்டரின் ஜரிகையில் ஃபோகஸ் வைப்பேன். பொத்தானைப் பாதி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு கேமராவை இடப்பக்கம் தள்ளுவேன், முந்தானை முழுக்கப் படத்துக்குள் வருவதற்காக. புடவை அசையாது. நான்கு மூலையிலும் ஊசி. பதினோரு வருஷமாக இந்த விரல் இதைச் செய்திருக்கிறது, என்னைக் கேட்காமல். இப்போது ஓடுகிற ஃபோகஸில் அதே தள்ளலைத் தள்ளுகிறேன். பறவை ஓரத்துக்குப் போகிறது, பெட்டி பனைமரத்தின்மேல் விழுகிறது, கேமரா சொன்னபடி கேட்டு மரத்தைக் கூர்மையாக்கித் தருகிறது. மூன்று நாளாகப் பனங்காடைக்கு முந்தானை தேடியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகம்.

அடுத்தமுறை அது விழுந்தபோது தள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடுவிலேயே வைத்துத் தொடர்ந்தேன். விரல் துடித்தது. பெட்டி பிடித்தது, விட்டது, பிடித்தது. மதியத்துக்குள் இருபது படம் தேறியது. இறக்கை கண்ணாடிபோல. நீலக்கோடு ஒவ்வொன்றும் தனித்தனியாக. மனைவி திரையை வெயிலுக்கு மறைத்து, புடவைத் தலைப்புக்குள் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் முதுகுதான் தெரியுது" என்றாள்.

எல்லாவற்றிலும். நாங்கள் நிற்பது சாலைப்பக்கம், அது பாய்வது வயல்பக்கம். கேமரா அதைப் பிடித்து முடிப்பதற்குள் அது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் போகலாமென்றால் முழங்கால் அளவு சேறு, நடவு நட்ட வயல், நேரே லென்ஸுக்குள் சூரியன். இருந்தும் ஒன்றை முதலாளிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாமா இது, முதுகு காட்டினு போவுது? கல்யாணப் பொடவமா! ஜோடி ஜோடியா மூஞ்சிய மூஞ்சி பாத்துகினு இருந்தாத்தான எடுப்பாங்க. பொண்ணுக்குக் கட்டி உடற பொடவைல வுட்டுட்டுப் போற குருவிய எவம்மா வாங்குவான்?"

"காலைல வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை எடுத்த, கம்பியில் சும்மா இருந்த படங்களைத் திறந்தாள். அதிலிருந்து தலையை எடுத்தாள், கண்ணை எடுத்தாள், மார்பை எடுத்தாள். வியாழக்கிழமைப் படத்திலிருந்து இறக்கையை எடுத்தாள். கட்டம் கட்டமாக நிரப்பினாள். பக்கத்தில் நின்று பார்த்த என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இப்படி ஒரு பறவையே கிடையாது. இறக்கை அந்தப் பக்கம் போகுது, முகம் இந்தப் பக்கம் வருது. இது பறந்தா கழுத்து முறிஞ்சிடும்."

"அது பறக்க வேணாங்க. பொடவைல இருந்தா போதும்" என்றாள், திரும்பாமல்.

மூன்று நாள் வெயில், ஆயிரத்துச் சொச்சம் படம். என் கண்ணெதிரே அவற்றின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பறவையை ஜோடியாக்கி எதிரெதிராக அவள் வைத்தபோது, அந்த நீலம் பார்டர் முழுக்க ஓடியபோது, சொல்ல நினைத்த குறை எதுவென்றே மறந்துபோனது. அதற்கும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அனுப்பினாள். காபி ஆறுவதற்குள் போன்.

"அமக்களம்மா! இதான், இதத்தான் கேட்டேன். கிளிய தூக்கிப் போட்டாச்சி, இன்னிக்கே தறிக்குப் போவுது. ஒண்ணு மட்டும். எந்தப் படத்தப் பாத்துப் போட்டியோ அத அனுப்பிடு. நம்ம வயல்ல நம்ம ஆளு எடுத்ததுன்னு பொடவகூட அட்டையில போட்டுக் குடுக்கலாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"குடுத்துடலாம் சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள். முகம் முழுக்க வெற்றி. அதை மறைக்கவும் இல்லை.

"எப்ப தர்றதா நெனப்பு?" என்றேன்.

"பொடவ தறியிலேர்ந்து எறங்கறதுக்குள்ள."

போய்க்கொண்டே நம்மைத் திரும்பிப் பார்க்கிற பனங்காடை எந்த ஊர்க் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளிடம் நான் கேட்கவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன்.