நாற்காலியாகிப் போன இயந்திரம்

எங்கள் ஊர்த் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால் ஆண்கள் முன்னால் உட்காருவார்கள், பெண்கள் துணிக்குப் பின்னால். படம் இடம் வலம் மாறித் தெரியும். அதற்காக நாங்கள் வருந்தியதில்லை. முன்னால் இருந்த மூஞ்சிகளைப் பார்க்காமல் தப்பித்தோமே.

அந்த வருடம் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வரவேண்டியிருந்தது. மாடு கட்டிக் கமலை இறைத்தே மாடுகள் எலும்பாகிவிட்டன. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுக்க வேண்டியவர் பிளாக் ஆபீசர். கிணற்றைப் பார்க்க வரும்போதெல்லாம் அவருக்குக் கோழி அடித்தேன். கோழிதான் குறைந்தது.

அவரே ஒருநாள் ஜீப்பில் படப்பெட்டியோடு வந்தார். ஆட்கள் நடித்த படம் இல்லை; வரைந்த பொம்மைகள் நடமாடுகிற பழைய படம், பேச்சும் கிடையாது. எந்த நாட்டுச் சரக்கோ. பெட்டியின் மேல் புதுக் கருவி என்று எழுதியிருந்ததாம். விவசாயப் படம் என்று நினைத்து, போட்டுக்கூடப் பார்க்காமல் தூக்கி வந்துவிட்டார்.

ஒரு ஒல்லிப் பொம்மை, தானே தண்ணீர் இறைக்கும் இயந்திரம் செய்து ஆபீசுக்குக் கொண்டுபோகிறது. முதல் மேசைக்காரன் சக்கரத்தைக் கழற்றுகிறான். அடுத்தவன் குழாயை அறுக்கிறான். இன்னொருவன் நாலு கால் வைக்கிறான். கடைசியில் அது நாற்காலியாக வெளியே வருகிறது. ஒரு தொந்திப் பொம்மை அதில் உட்கார்ந்து தூங்குகிறது.

அந்தப் பக்கம் ஆபீசர் மைக்கில், "அரசாங்கம் உங்க கருவிய எப்படிப் படிப்படியா சீர்செய்யுது பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"மதினி, அது நம்ம வீட்டுக் கோழி தின்ன தொந்திதான?" என்றாள் என் நாத்தனார். பின்பக்கம் முழுக்கச் சிரிப்பு.

ஆபீசர் படத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்தார். "யாரும்மா சிரிச்சது?"

அவர் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நாந்தான்" என்றேன். "எங்க கெணத்து மோட்டாரு இப்ப எந்த மேசையில இருக்கு? காலு வச்சாச்சா?"

முன்பக்கத்து ஆண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பேறினார்.

"இனிமே கரண்டு வந்தாப்லதான். ஒன் வாயால கெட்டுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, இம்புட்டு நாளும் வந்து கொட்டுச்சாக்கும்."

வெங்காயத்தில் பாதி கருகியது. ஆபீசர் மாற்றலாகிப் போன பிறகுதான் கம்பி இழுத்தார்கள். நான் வாயை மூடியிருந்தால் முன்னமே வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வந்திருக்காது.