ரெண்டு தடவை கேட்கும் காளியம்மா

காளியம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகள்கூட "நாங்க எடுக்கலக்கா" என்று தாமாகவே பையைத் திறந்து காட்டிவிடும். பேரங்காடி வாசலில் பதினோரு வருடமாகக் காவல் நிற்கிறவள். அவள் சந்தேகப்படாத ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கூடவே வளரும் தங்கை மகள் தினேஸ்வரி மேல்தான் சந்தேகம் அதிகம். அதில் தப்புச் சொல்ல முடியாது. பதினேழு வயதுக்காரி, படிவம் மூன்றோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள், பெரியம்மாவின் விசிலுக்குள் கோதுமை மாவை அடைத்துவைத்தவள்.

காளியம்மா முதலில் இப்படி இல்லை. நாற்பது வயதுவரை சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினாள். மரங்களை வெட்டி வீடுகள் கட்டியபோது டவுனுக்கு வந்து காவல் உடுப்பை மாட்டினாள். முதல் வாரமே ஒருவன் ரைஸ் குக்கரைத் திருடிக்கொண்டு போனான். பாரம் தூக்குகிறானே என்று கதவைத் திறந்துவிட்டதே இவள்தான். அதற்குள் ஒரு திருடனையாவது பிடிக்காவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாமல் ஒரு இந்திப் படத்துக்குப் போனாள். கொலை, விசாரணை. இந்தி ஒரு சொல் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்தாள். அதில் வரும் பெண் இன்ஸ்பெக்டர் யாரையும் அடிக்கமாட்டாள். ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்பாள். ரெண்டாவது தடவை உண்மை குட்டையாகும், பொய் நீளும். மறுநாள் வாசலில் காளியம்மா அதையே செய்துபார்த்தாள். ஒருவனின் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலு பால்மாவு டின் இறங்கியது. வேலை நிலைத்தது. அன்றிலிருந்து வீட்டில் அந்த இன்ஸ்பெக்டர் "அவ"தான், கூடப்பிறந்தவளைச் சொல்வதுபோல.

இப்போது ரெண்டாம் பாகம் வந்திருந்தது. காளியம்மா சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவைத்தாள். தினேஸ்வரி வியாழனே திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டாள். அந்த இன்ஸ்பெக்டர் யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீக்கிரமே குண்டடிபட்டு விழுந்தாள். மீதி ரெண்டு மணி நேரமும் அவள் தம்பி ஹெலிகாப்டரில் தொங்கினான்.

சனிக்கிழமை காலை காளியம்மா கண்ணாடி முன்னால் நின்று பவுடர் பூசிக்கொண்டிருந்தாள்.

"படத்துக்குப் போக முடியாது பெரியம்மா. தியேட்டர்ல ஏர்கோன் கெட்டுப்போச்சாம், ஒரே புழுக்கமாம்."

"அப்படியா." கொண்டையில் ஒரு ஊசியைச் செருகினாள். "ஏன் போக முடியாது?"

"ஏர்கோன் கெட்டுப்போச்சு லா. ரிப்பேர் பண்ற ஆளு தைப்பிங்லேருந்து வரணுமாம், அங்க மழையாம், அதோட சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி, நேத்து ஒரு அக்காவுக்கு முதுகு பூரா..."

பொய் நீண்டுகொண்டே போவது தினேஸ்வரிக்கே கேட்டது. நிறுத்தினாள்.

காளியம்மா திரும்பினாள். வாசலில் பார்க்கிற அதே பார்வை.

"நீ பாத்துட்ட. படம் சும்மா மோசம்னா என்னைய அனுப்பிவச்சிட்டு சிரிப்ப. நீயே என்னைத் தடுக்கிறன்னா அவளுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. அவ எத்தனாவது நிமிசத்துல செத்தா?"

"பன்னெண்டு," என்று வாய் முந்திக்கொண்டது.

காளியம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். பவுடர் டப்பாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"வேணாம் பெரியம்மா. ஒரு கேள்விகூட கேக்க விடல அவள."

"பதினோரு வருசம் எனக்குச் சோறு போட்டவ. சாவுக்குப் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? கெளம்பு." எழுந்தாள். "நீ அழுதியா?"

"நானா? இல்ல."

"அழுதியா?"

"இல்லன்னேன்ல. ஏர்கோன் காத்து நேரா கண்ணுல அடிச்சிச்சு, பக்கத்துல ஒருத்தன் சம்பல் பொட்டலத்தப் பிரிச்சான், அந்தக் காரம் வேற..."

காளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கெட்டுப்போன ஏர்கோனா?" என்றாள்.